இதயத் துடிப்பு தாறுமாறு என்று தெரிந்த பிறகு: எந்த மாத்திரை, எந்த வழி, எப்போது

ஈசிஜி எடுத்த பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "அசையாம படுங்கம்மா, இன்னொரு தடவை எடுத்துக்கறேன்" என்றார். இரண்டாவது தாளும் முதல் தாளைப் போலவே வந்தது. ஊசி ஊசியாக நிமிர்ந்து நின்ற கோடுகளுக்கு நடுவே இடைவெளி ஒன்றுபோல் இல்லை. இரண்டு நெருக்கியடித்து நின்றன, அடுத்தது தள்ளிப் போயிருந்தது, அதற்கடுத்த மூன்றும் மறுபடி நெருக்கம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும், இதயத்தின் மேலறைகள் சுருங்குவதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் பிறகு விரல் வைத்துக் காட்டினார். என் தாளில் அந்த மேட்டைக் காணோம். அந்த இடத்தில் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். அப்போது எனக்கு வயது 66. பத்து வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் படபடப்பை நிறுத்த என்ன வழி டாக்டர்?" என்பதுதான். இந்த நோய் வந்த யாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். டாக்டர், "அதுக்கு வரேன். அதுக்கு முன்னாடி வேற ஒண்ணை முடிவு பண்ணணும்" என்றார். இந்தக் கட்டுரையையும் நான் அந்த வரிசையில்தான் எழுதுகிறேன். அந்த வரிசை புரியாமல் போனவர்கள்தான் பெரிய ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏனென்றால் இந்த நோய் இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையில் பை மாதிரி ஒரு சிறு மூலை உண்டு. தேங்கிய ரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறைகிறது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. இன்னொரு கெடுதல், கீழறைகள் வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் அடித்துக்கொள்வதால் வருவது: படபடப்பு, மூச்சு வாங்குதல், களைப்பு, கவனிக்காமல் விட்டால் நாளடைவில் இதயமே பலவீனமாவது. முதல் கெடுதலுக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும், இரண்டாவதற்கு வேறொரு முடிவு. ஒன்றுக்கு எடுத்த முடிவு மற்றதற்கு ஆகாது.

முதலில் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா என்பது. இதற்கு டாக்டர்கள் ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். இதயம் பலவீனம் என்றால் 1, ரத்த அழுத்தம் 1, சர்க்கரை நோய் 1, மாரடைப்பு போன்ற ரத்தக் குழாய் நோய் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75 ஆகிவிட்டால் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. முன்பெல்லாம் பெண் என்பதற்கும் ஒரு மதிப்பெண் சேர்த்தார்கள். 2024இல் வந்த ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டி அதை எடுத்துவிட்டது. 2 அல்லது அதற்கு மேல் என்றால் மாத்திரை அவசியம். 1 என்றால் டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியது. எனக்கு வயதுக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, துடிப்புக் கோளாறு எப்போதாவது வந்து போகிறதா, எப்போதுமே இருக்கிறதா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. "வாரத்துல ரெண்டு தரம் வருது, ரெண்டு மணி நேரத்துல தானா போயிடுது, இதுக்குப் போயி மாத்திரையா?" என்று நானும் நினைத்தேன். வந்து போனாலும் மதிப்பெண் அதேதான், மாத்திரையும் அதேதான்.

ஆஸ்பிரின் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரினும் மறுபாதிக்கு அதே வேலைக்கான புதிய மாத்திரை அபிக்ஸபானும் கொடுத்தார்கள். பக்கவாதமும் அதைப் போன்ற அடைப்புகளும் ஆஸ்பிரின் பக்கம் வருடத்துக்கு 3.7 சதவீதம், அபிக்ஸபான் பக்கம் 1.6 சதவீதம். பெரிய ரத்தக் கசிவில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆஸ்பிரின் மெதுவானது, பத்திரமானது என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. இந்த எண்களைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

அடுத்து, எந்த மாத்திரை. பழையது வார்ஃபரின். 1954 முதல் மனிதர்களுக்குப் பயன்படுகிறது. புதியவை நான்கு: டாபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான். பெரும்பாலானவர்களுக்குப் புதியவைதான் முதல் தேர்வு. நான்கு புதிய மாத்திரைகளையும் வார்ஃபரினோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 71,683 பேரின் கணக்கை 2014இல் வெளியிட்டார்கள். புதியவற்றில் பக்கவாதமும் ரத்தக் கட்டியும் 19 சதவீதம் குறைவு. மூளைக்குள் ரத்தம் கசிவது ஏறத்தாழ பாதி. வயிற்றிலும் குடலிலும் கசிவு மட்டும் சற்று அதிகம். மூளைக் கசிவு பாதியாகக் குறைகிறது என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. வயிற்றில் கசிந்தால் பெரும்பாலும் நிறுத்திச் சரிசெய்ய வழி இருக்கிறது. மூளையில் கசிந்தால் அந்த மனிதர் பழையபடி எழுந்து நடப்பாரா என்பதே சந்தேகம்.

வார்ஃபரினில், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும், அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையை எதிர்த்து வேலை செய்யும். அதற்காகக் கீரையையே விட்டுவிடத் தேவையில்லை. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று போகாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஒரு வாரம் சாப்பிட்டாலே ஐஎன்ஆர் எகிறிவிடலாம். புதியவற்றில் இந்த அளவெடுப்பு கிடையாது, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கிடையாது. அதனால் பரிசோதனையே வேண்டாம் என்று இருந்துவிடக்கூடாது. சிறுநீரகத்தின் வேலையை வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், வயதானவர்களுக்கு இன்னும் அடிக்கடி. டாபிகட்ரான் ஏறத்தாழ 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, அபிக்ஸபான் கால் பங்கு போல. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு எது பொருந்தும் என்பதில் இந்த வித்தியாசம் பெரிது.

நாலுக்குள் தேர்வு செய்யும்போது சின்ன விஷயங்கள்கூட வாழ்க்கையில் பெரிதாகத் தெரியும். ரிவராக்ஸபானும் எடாக்ஸபானும் ஒரு நாளைக்கு ஒரு வேளை. ஆனால் ரிவராக்ஸபானை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட வேண்டும். அபிக்ஸபானும் டாபிகட்ரானும் இரண்டு வேளை. டாபிகட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளாகப் போடக்கூடாது, ஈரம் பட்டால் கெடும் என்பதால் வார டப்பாவில் எடுத்து வைக்காமல் அதன் உறையிலேயே வைத்திருக்க வேண்டும், சிலருக்கு நெஞ்செரிச்சலும் தரும். இந்தப் புதிய மாத்திரைகள் எல்லாமே ஒரு நாளுக்குள் உடம்பைவிட்டுப் பெரும்பாலும் இறங்கிவிடுகின்றன. வார்ஃபரினை ஒரு நாள் மறந்தால் பாதுகாப்பு உடனே போய்விடாது. இவற்றை ஒரு நாள் மறந்தால் அன்றே காவல் இல்லாமல் போகிறோம். மறதி உள்ளவர்கள் இதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு மறதி அதிகம் என்று சொன்னேன். அப்படியும், சிறுநீரகத்தைக் குறைவாக நம்பியிருக்கும் மாத்திரை என்று அபிக்ஸபானையே எழுதி, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் கைபேசியில் அலாரம் வைக்கச் சொன்னார்.

வார்ஃபரின்தான் சரி என்ற இடங்களும் உண்டு. அதைப் பழைய மருந்து என்று தள்ளிவிடக்கூடாது. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை, கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அது 2013இல் வெளியானது. சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப் போனவர்களுக்கும் அப்படியே. 2022இல் வெளியான ஆய்வில் ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. அதனால் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்காமல் மாத்திரையை முடிவு செய்ய முடியாது. எந்த மாத்திரையும் ஒத்துவராத அளவுக்கு ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு அந்த மேலறை மூலையையே ஒரு சிறு கருவியால் அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. மாத்திரை ஒத்துவருபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

இனி இரண்டாவது முடிவு. இதில் இரண்டு பாதை. தாறுமாறு இருந்தால் இருக்கட்டும், கீழறையின் வேகத்தை மட்டும் குறைப்போம் என்பது ஒன்று. பிஸோப்ரலால், மெட்டோப்ரலால், டில்டியஸெம், டிகாக்ஸின் போன்றவை அதற்கு. இல்லை, பழைய தாளத்தையே மீட்போம் என்பது மற்றது. அதற்கு வேறு மாத்திரைகள், நெஞ்சில் மின்சார ஷாக், குழாய் வழியாகச் செய்யும் அப்லேஷன் என்று வழிகள்.

இருபது வருடத்துக்கு முன் இந்த நோய் வந்திருந்தால் எனக்கு முதல் பாதையைத்தான் சொல்லியிருப்பார்கள். 2002இல் வெளியான அஃபர்ம் ஆய்வு 4,060 பேரை இரண்டு பாதையிலும் வைத்துப் பார்த்து, உயிரிழப்பில் வித்தியாசம் இல்லை என்றது. மாத்திரையும் குறைவு, ஆஸ்பத்திரி வாசமும் குறைவு என்றால் வேகத்தைக் குறைப்பதோடு நின்றுகொள்ளலாமே என்று உலகமே நினைத்தது. 2020இல் ஈஸ்ட் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் இருந்த 2,789 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்திலேயே தாளத்தை மீட்கப் பாடுபட்டவர்களிடம் இதய நோயால் சாவு, பக்கவாதம், இதயப் பலவீனம் அல்லது மாரடைப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது ஆகியவை நூறு பேருக்கு வருடம் 3.9, வழக்கமான சிகிச்சையில் 5.0. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இரண்டு ஆய்வும் ஏன் வேறு பதில் சொல்கின்றன என்று யோசித்தால் நமக்கு வேண்டிய விடை கிடைக்கும். காலம்தான் முக்கியம். மேலறை எவ்வளவு நாள் நடுங்குகிறதோ அவ்வளவுக்கு அது விரிந்து தழும்பேறுகிறது, பிறகு தாளத்துக்குத் திரும்புவது கடினம். புதிதாகத் தெரிந்தவரின் கையில் இருக்கும் பெரிய சொத்து அந்த முதல் ஒரு வருடம். "இப்ப ஒண்ணும் அவசரமில்ல, பாத்துக்கலாம்" என்று அதைக் கழித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அதே சமயம், தொந்தரவே தெரியாத, மேலறை ஏற்கெனவே பெரிதாக விரிந்துவிட்ட, எண்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு வேகத்தைக் குறைத்தாலே போதும் என்று டாக்டர் சொன்னால் அது கைவிடுவதாகாது. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 110க்குக் கீழே இருந்தால் 80க்கு இறக்குவதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

எனக்கு முதலில் பிஸோப்ரலால் மட்டும் கொடுத்தார்கள். நாடி 80க்கு வந்தது. ஆனால் மாடிப்படி ஏறும்போது ஏழாவது படியில் நிற்க வேண்டியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், உள்ளே யாரோ கதவைத் தட்டித் தட்டி விட்டுவிடுவதுபோல் இருக்கும். வேகம் குறைந்ததே தவிர அந்த ஒழுங்கின்மை போகவில்லை. இந்தக் கஷ்டத்தை அளக்கக் கருவி கிடையாது. எத்தனையாவது படியில் நின்றோம் என்று நாமேதான் போய்ச் சொல்ல வேண்டும்.

தாளத்தை மீட்கும் மாத்திரைகளில் இதயத்தின் நிலையே எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறது. ஃபிளெகெய்னைடு நல்ல மருந்து, ஆனால் மாரடைப்பு வந்தவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் அது ஆபத்து. அமியோடரோன் இருப்பதிலேயே வலுவானது, பலவீனமான இதயத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் தைராய்டு, நுரையீரல், கல்லீரல், கண் எல்லாவற்றையும் தொடக்கூடியது, வெயில் பட்டால் தோல் கறுக்கும், நிறுத்திய பிறகும் உடம்பில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும். வேறு வழி இருக்கும்போது அதை வருடக்கணக்கில் சாப்பிட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஷாக் கொடுப்பது சில நிமிடம் மயக்கத்தில் வைத்துச் செய்வது, உடனே தாளம் திரும்பும், ஆனால் தங்குமா என்பதற்கு உறுதி இல்லை. அதற்கு முன் மூன்று வாரமாவது உறைதலைத் தடுக்கும் மாத்திரை விடாமல் சாப்பிட்டிருக்க வேண்டும், அல்லது உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு நான்கு வாரமாவது தொடர வேண்டும்.

அப்லேஷன் என்றால் என்ன என்று எனக்கு விளங்க வைத்தது ஒரு பழைய செய்தி. 1998இல் பிரான்ஸின் போர்தோ நகரத்து மருத்துவர்கள் 45 நோயாளிகளிடம் இந்தக் கோளாறைத் தொடங்கிவைக்கும் மின்பொறிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடினார்கள். 94 சதவீதம் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளுக்குள் இருந்தது. ஆக, அந்தச் சிரைகள் மேலறையோடு சேரும் வாய்களைச் சுற்றி வேலி போட்டுவிட்டால் பொறி உள்ளே வராது. தொடையிடுக்குச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, சூட்டாலோ குளிராலோ, இப்போது மின்துடிப்பாலோ அந்த வேலியைப் போடுகிறார்கள்.

மாத்திரையையும் இதையும் நேருக்கு நேர் வைத்த ஓர் ஆய்வு 2021இல் வந்தது. அதுவரை தாளத்துக்கு மாத்திரை சாப்பிடாத 303 பேருக்குத் தோலடியில் கருவி வைத்துக் கண்காணித்தார்கள். ஒரு வருடத்தில் கோளாறு திரும்பியது அப்லேஷன் பக்கம் 42.9 சதவீதம், மாத்திரை பக்கம் 67.8. ஒரு நொடிகூட விடாமல் பார்க்கும் கருவி என்பதால் எண்கள் இவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன; நோயாளி உணர்ந்து சொன்னவை 11.0க்கு 26.2. இதயம் பலவீனமானவர்களிடம் 2018இல் வந்த ஆய்வில் அப்லேஷன் இறப்பையே குறைத்தது. மறுபக்கம், 2019இல் வெளியான, 2,204 பேர் கொண்ட பொது ஆய்வில் இறப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. கோளாறு திரும்புவது குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. எனவே உயிரைக் காப்பாற்ற என்று எல்லோரும் இதற்கு ஓட வேண்டியதில்லை. படியில் நிற்காமல் ஏற வேண்டும் என்பவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இதன் பலன் பெரிது.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நூறில் ஒருவர் போல இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியும் நிலை வரலாம். உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் இடையே துளை விழுவது மிக அரிது, வந்தால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் காயம் ஆறும் காலம், அப்போது படபடப்பு வந்தால் தோல்வி என்று எண்ணிவிடக்கூடாது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்தாம் நாள் இரவு பழையபடி வந்தபோது எல்லாம் வீண் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

நான் போன வழி இது: நான்கு மாதம் ஃபிளெகெய்னைடு, பாதிதான் அடங்கியது, ஏழாம் மாதம் அப்லேஷன். எக்கோவில் என் இதயம் நன்றாக இருந்ததால் முதலில் மாத்திரையைப் பார்க்க வழி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த நான்கு மாதத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். அப்லேஷன் வேண்டும் என்று எனக்கே உறுதியானது அதில்தான்.

எந்தப் பாதையில் போனாலும் கூடவே செய்ய வேண்டியவை சில உண்டு. அதிக எடை உள்ளவர்கள் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே கோளாறு வெகுவாக அடங்குகிறது. மது குடிப்பவர்கள் நிறுத்தினால் திரும்புவது 73 சதவீதத்திலிருந்து 53க்கு இறங்கியதை 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பவர்கள் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

அப்லேஷன் முடிந்து மூன்று மாதம் ஆனதும் என் மகள் கேட்டாள், "அம்மா, துடிப்புதான் ஒழுங்காயிடுச்சே, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையையும் நிறுத்திடலாம்ல?" அவள் கேட்டதில் தப்பில்லை, நானும் அதே ஆசையில்தான் இருந்தேன். டாக்டர் அஃபர்ம் ஆய்வையே எடுத்துச் சொன்னார். அதில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐஎன்ஆர் போதாமல் இருந்தவர்கள். தாளத்தை மீட்ட பக்கத்திலும் அப்படித்தான். துடிப்பு சரியானாலும் வயது குறைவதில்லை, ரத்த அழுத்தம் போய்விடுவதில்லை. அந்த மதிப்பெண் இரண்டிலேயே நிற்கிறது. தெரியாமல் கோளாறு வந்து போவதும் உண்டு. பல் பிடுங்குவதாக இருந்தாலும், வேறு ஆபரேஷனாக இருந்தாலும், எத்தனை வேளை நிறுத்துவது என்று எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு வேளையும் விடக்கூடாது. மூட்டுவலி என்று டைக்லோஃபெனாக், ஐபுப்ரொஃபென் மாதிரி வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டால் கசிவு கூடும். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக்கூடாது.

ஃபிளெகெய்னைடை நிறுத்தியாயிற்று. பிஸோப்ரலால் ரத்த அழுத்தத்துக்காகப் பாதி அளவில் தொடர்கிறது. போன மாதம் துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மூன்று நாள் கட்டிப் பார்த்ததில் ஒரு தடவைகூடக் கோளாறு பதிவாகவில்லை. அபிக்ஸபான் மட்டும் அப்படியே, காலை எட்டு, இரவு எட்டு. அடுத்த தடவை போகும்போது சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துப் போக வேண்டும்.